ரேண்டை ரூபாயாக்காதீர்கள், அத்தை

கும்பகோணத்து அத்தைக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர்தான். "தியேட்டர்ல நிக்கிற பொண்ணு, மாசம் ஒன்றரை லட்சம் வருமாமே" என்று வாட்ஸ்அப்பில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவரை மறுபடி சட்டைப் பொத்தான் போடப் பழக்குவது, பெருமூளை வாதம் உள்ள குழந்தை சாய்ந்து விழாமல் உட்கார்ந்து சாப்பிட நாற்காலி சரிசெய்து கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. தொழிலைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் தொகையை அத்தை ஏறக்குறைய சரியாகத்தான் சொன்னார். மாதச் சம்பளமான 31,000 சொச்சம் ரேண்டை (தென்னாப்பிரிக்கப் பணம்) அப்போதைய மதிப்பான நாலரை ரூபாயால் பெருக்கினால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ஆனால் நான் அரிசி வாங்குவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில்.

அப்பா கோயில் குருக்கள். எனக்கு எட்டு வயதானபோது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தோம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நான்காண்டுப் படிப்பு. குருக்கள் வீட்டு வருமானத்தில் கட்டணம் கட்ட முடியாது, வங்கிக் கடன்தான். பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே முதலில் ஓராண்டு கட்டாயச் சமூகப் பணி செய்ய வேண்டும். அதை முடித்தால்தான் ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் (தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் கவுன்சில்) சுயமாகத் தொழில் செய்வதற்கான பதிவு கிடைக்கும். விருப்பமான மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நான் டர்பன் மருத்துவமனைகளாகப் போட்டேன். கிடைத்தது வடக்கே, மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மாவட்ட மருத்துவமனை. டர்பனிலிருந்து 400 கிலோமீட்டர் இருக்கும். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

2023 முழுக்க அங்கே இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை பக்கியில் (பிக்கப் வண்டி) மண் சாலையில் கிளினிக்குகளுக்குப் போவோம். என் அரைகுறை சூலுவைக் கேட்டுப் பாட்டிகள் சிரிப்பார்கள், அப்புறம் பேரக்குழந்தையை மடியிலிருந்து இறக்கிக் காட்டுவார்கள். இன்று யோசித்தால், பணக் கணக்கில் என் வசதியான வருடம் அதுதான். பிடித்தம் போகக் கைக்கு 20,000க்குக் கொஞ்சம் மேலே வந்தது. கிராமப்புறப் படியும் அதில் சேர்த்தி. ஊழியர் குடியிருப்பு வாடகை பெயருக்குத்தான். செலவழிக்கலாம் என்று நினைத்தாலும் கடை கிடையாது. மாதம் 8,000 வரை மிச்சம் பிடித்தேன்.

அந்த மிச்சத்தை நம்பித்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வருட நடுவில், கடன் வட்டியின் அடிப்படை விகிதம் 11.75 சதவீதத்தில் இருந்தபோது, தவணையில் கார் வாங்கினேன். கார் தேவைதான், அதில் சந்தேகமில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வர என்2 நெடுஞ்சாலையில் மூன்று சுங்கச்சாவடி, வேறு வழியும் சுலபமில்லை. ஆனால் ஒப்பந்தம் டிசம்பரில் முடியப்போகிறவள் ஐந்தாண்டுத் தவணையில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

டிசம்பர் முடிந்தது, வேலையும் முடிந்தது. என்னோடு சமூகப் பணி முடித்தவர்களில் பாதிப் பேருக்கு நிரந்தர இடம் இல்லை. ஒவ்வொரு வாரமும் அரசுப் பணியிடச் சுற்றறிக்கை வந்ததும் நேராக ஓ.டி. இருக்கும் பக்கத்துக்குப் போவேன். அரசு வேலைக்கான இசட்83 விண்ணப்பப் படிவத்தை எத்தனை முறை நிரப்பினேன் என்று எண்ணவில்லை. ஒரு சின்ன ஆறுதல்: சான்றளித்த நகல்களை இப்போது எல்லோரிடமும் கேட்பதில்லை, நேர்காணலுக்குத் தேர்வானவர் மட்டும் கொடுத்தால் போதும். முன்பானால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் போலீஸ் நிலையத்தில் முத்திரைக்கு நிற்க வேண்டும்.

அடுத்த ஆறு மாதமும் ஒரு தனியார் தெரபி மையத்துக்காகப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு அமர்வுக் கட்டணத்திலும் எனக்கு 60 சதவீதம், அவர்களுக்கு 40. காகிதத்தில் பார்த்தால் அரசுச் சம்பளத்தை விட அதிகம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குக் காசு கிடையாது. பள்ளிக்குப் பள்ளி ஓடும் பெட்ரோல் என்னுடையது. அறிக்கை எழுதும் இரவுகளுக்குக் கட்டணம் இல்லை. இங்கே பள்ளி ஆண்டுக்கு நான்கு பருவம், ஒவ்வொன்றுக்கும் இடையில் விடுமுறை. முதல் பருவ விடுமுறை வந்த மாதம் எனக்குக் கிடைத்தது 7,000 ரேண்ட். கார் தவணையும் படிப்புக் கடனும் சேர்ந்தே 6,700. அந்த மாதம் அப்பா தட்சிணைப் பணத்தில் என் கார் காப்பீட்டைக் கட்டினார். அத்தையிடம் அதை யாரும் சொல்லவில்லை.

2024 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே ஓர் அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதல் கிரேடு, ஆண்டுக்கு 3,76,524 ரேண்ட். மாதத்துக்கு 31,377. அத்தை பெருக்கிப் பார்த்தது இந்த எண்ணைத்தான். ஓய்வூதிய நிதிக்கு ஏழரை சதவீதம், அதாவது 2,350 போய்விடும் (அரசு தன் பங்குக்கு 13 சதவீதம் போடுகிறது, அதனால் இதில் எனக்கு வருத்தமில்லை). வருமான வரி 4,500. மருத்துவக் காப்பீட்டில் என் பங்கும் போனால் கைக்கு வருவது 22,500 அளவில்.

முதல் மூன்று மாதம் சாட்ஸ்வொர்த்திலிருந்தே போய் வந்தேன். போக வர 75 கிலோமீட்டர். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும். முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டு, ஏறுவதாக இருந்தால் செவ்வாய் இரவே டாங்கியை நிரப்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்படியும் பெட்ரோலுக்கு 2,700 ஆனது. நெரிசலில் தினமும் இரண்டரை மணி நேரம் போனது வேறு கணக்கு. கடைசியில் வேலைக்குப் பக்கமாக ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் பின்னால் அவுட்பில்டிங் (தனியாகக் கட்டிய சின்னக் குடியிருப்பு) எடுத்தேன், வாடகை 4,800. "கல்யாணத்துக்கு முன்னாடி தனி வீடா?" என்று அம்மா கேட்டார். வீட்டுக்கார ஆன்ட்டி ஆடி மாதம் தவறாமல் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர் என்று தெரிந்ததும் சமாதானமானார். பெட்ரோல் 1,200க்கு இறங்கியது. கூட்டிக் கழித்தால் குடிபெயர்ந்ததில் மாதம் 3,300 நஷ்டம். ஆனாலும் மாலையில் சமைத்துச் சாப்பிட நேரம் கிடைக்கிறது. வெளியில் சாப்பிடுவது குறைந்ததில் அந்த நஷ்டத்தில் பாதியாவது திரும்பி வருகிறது.

கரண்டு ப்ரீபெய்டு. இருபது இலக்க எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும். வெந்நீர் கீசரை இரண்டு மணி நேரம் மட்டும் போட்டால் 700 ரேண்டில் ஓட்டலாம். மளிகை விஷயத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன்: அரிசி, பருப்பு, பால், முட்டை, காய்கறி, பிரவுன் பிரெட் இவற்றுக்கு 15 சதவீத வாட் கிடையாது. வெள்ளை பிரெட்டுக்கு உண்டு. நம் வீட்டுச் சமையலில் பெரும்பகுதி வரியில்லாத பட்டியலிலேயே அடங்கிவிடுவதால் 3,000 ரேண்டில் மாதம் போகிறது. பன்னி சோவ் (குடைந்த பிரெட்டுக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. குவார்ட்டர், அதாவது கால் பிரெட் மட்டன் பன்னி நூறு ரேண்டைத் தாண்டிவிட்டது, மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். (குருக்கள் மகள் மட்டன் சாப்பிடுவதா என்று கேட்பவர்களுக்கு: அப்பாவுக்குத் தெரியாது.)

கார், படிப்புக் கடன், காப்பீடு, போன், வீட்டுக்குத் தரும் 2,500 எல்லாம் போய் மிஞ்சுவது 2,000 சுற்று. எல்லைப் பக்கத்தில் மிஞ்சியதில் கால்வாசி. பிறந்த மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வரும். எனக்கு மார்ச், ஹெச்.பி.சி.எஸ்.ஏ. ஆண்டுக் கட்டணத்துக்கு ஏப்ரல் 1 கெடு, அதனால் அந்தக் கவலை இல்லை. இரண்டாம் கிரேடுக்குப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். எனக்கு இன்னும் வெகுதூரம்.

சமூகப் பணிக்கு இப்போது விண்ணப்பிக்கும் தங்கைகள் என்னிடம் கேட்டால், தூர ஊர் வந்தால் அழாதீர்கள் என்பேன். ஒரு வருடத்தில் படிப்புக் கடனின் ஒரு பகுதியை அடைத்துவிடலாம். காரை மட்டும், முடிந்தால், ரொக்கத்தில் வாங்குகிற பழைய காராகப் பாருங்கள்.

சனிக்கிழமைகளில் தனியாக நான்கு குழந்தைகளைப் பார்க்கலாம் என்று யோசனை. அரசு ஊழியர் வெளியே சம்பாதிக்க எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். படிவத்தைக் கொடுத்து ஐந்து வாரமாகிறது. அது வரும்வரை சனிக்கிழமை காலையில் அம்மாவோடு சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காட்ரா பீன்ஸ் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அங்கே நிற்கும்போதுதான் அத்தையின் போன் வந்தது. ஒரு கிலோ என்ன விலை என்று கேட்டார். ரூபாயில்.