முதலில் சொல்பவன் பக்கம்

இடைவேளை முடிந்து மணி அடித்ததும் என் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். "ரீச்சர், இவன் அடிச்சுப்போட்டான்." "இல்லை ரீச்சர், அவன்தான் முதல்ல தள்ளினவன்." யார் கோர்வையாகச் சொல்கிறானோ அவன் பக்கம் தீர்ப்புப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கத் தொடங்கிப் பல வருடம் இதை நான் கவனிக்கவே இல்லை.

தரம் 3இல் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். நடந்ததைச் சொல்லச் சொன்னால் மட்டும் "அவன்... பிறகு... நான் இல்லை" என்று துண்டு துண்டாக வரும். ஒருநாள் வேப்பமரத்தடியில் கிளித்தட்டு விளையாடும்போது இன்னொருவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவன் முழங்கால் உரஞ்ச அழுதுகொண்டே வந்து முழுக்கதையும் சொன்னான். இவன் வாயே திறக்கவில்லை. செய்த பிழைக்கு மன்னிப்பும் கேட்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்து, வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்பிள்ளை வந்து மெல்லச் சொன்னாள். "ரீச்சர், அவன் எந்தப் பக்கம் எண்டு அவனுக்கு விளங்கேல்லை. பிழையா ஓடினவன். எல்லாரும் 'ஊமையன்' எண்டு சிரிச்சவை."

கோடு கீறி, ஆள் பிரித்து, யார் கிளி என்று வாதாடி முடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் போதும். அத்தனையும் பேச்சு. அந்த வேகத்துக்கு அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாயால் திருப்பிச் சொல்ல முடியாதவன் கையால் தள்ளினான். அவனை வெயிலில் நிற்கவைத்தது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகுதான் தேடி வாசித்தேன். பேச்சை விளங்கிக்கொள்ளவும் கோர்வையாகச் சொல்லவும் பிள்ளை சிரமப்படுவதை மொழி வளர்ச்சிக் கோளாறு என்கிறார்கள். பிரித்தானிய உளவியலாளர் டொரத்தி பிஷப் தலைமையில் நிபுணர்கள் இந்தப் பெயருக்கு உடன்பட்ட அறிக்கை வெளிவந்தது 2017இல்தான். இங்கிலாந்தில் பள்ளி தொடங்கும் பிள்ளைகளிடம் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், 30 பேருள்ள வகுப்பில் இருவர் என்ற கணக்கில் இது இருந்தது. காது கேட்கும், புத்தியும் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அன்றிரவு பழைய வரவு இடாப்புகளை மனதுக்குள் புரட்டினேன். கடைசி வாங்கில் சத்தமில்லாமல் இருந்தவள், இடைவேளையில் தரம் 1 பிள்ளைகளோடு மட்டும் விளையாடியவன், எதற்கெடுத்தாலும் கோமாளித்தனம் செய்து தப்பியவன். எத்தனை பேரை 'அடங்காதது' என்று சொல்லியிருப்பேன்!

அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "போன் குடுத்ததாலையோ ரீச்சர்?" என்று கேட்டுக் கண் கலங்கினார். இல்லை அம்மா, வளர்ப்பால் வருவதில்லை, பரம்பரைக்குத்தான் இதில் பெரிய பங்கு என்றேன். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் கொண்டுபோகச் சொன்னேன். களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு உண்டு, ஆனால் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் போதாது. நம் பிள்ளைகள் அந்தப் படிப்பை எடுக்க வேண்டும் என்று பழைய மாணவர்களைக் காணும்போதெல்லாம் சொல்கிறேன்.

இப்போது சண்டை வந்தால் நான் உடனே விசாரிப்பதில்லை. மேசையில் புளியங்கொட்டைகளை வைத்து, "நீ எங்க நிண்டனீ, காட்டு ராசா" என்பேன். முதல்முறை அவன் வெகுநேரம் யோசித்தான். ஒரு கொட்டையை நடுவில் வைத்தான். அதைச் சுற்றி நெருக்கமாக ஆறு கொட்டைகளை அடுக்கினான். பிறகு நடுவில் இருந்ததைத் தொட்டு, "நான்" என்றான்.