மருந்து ஊற்றியும் திரும்பி வந்த பாசி

என் கணினியில், ப்ராசஸரின் சூட்டைக் குழாய்களில் சுற்றும் நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டர் என்னும் வெப்பாற்றியில் ஆற்றும் நீர்க்குளிரூட்டும் அமைப்பு இருக்கிறது. அதை நானே பொருத்தி ஒன்றரை ஆண்டு கடந்திருந்த வேளையில், நீர்த்தொட்டியின் அடிப்பகுதியில் மெல்லிய பச்சை படர்ந்திருப்பதைக் கண்டேன். உண்மையில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அறிகுறி தென்பட்டிருந்தது. காணொளிக் கோப்புகளை மாற்றும் அதே வேலையின்போது முன்பு 66 டிகிரி செல்சியஸில் நின்ற ப்ராசஸர், இப்போது 79 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்தது. அறையின் வெப்பம்தான் காரணம் என்று எண்ணி, அதை நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன்.

பச்சையைப் பார்த்ததும் நான் முதலில் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனெனில் பலரும் அதையே செய்யக்கூடும். பழைய நீரை வடித்துவிட்டு, தொட்டியைத் துடைத்து, வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நுண்ணுயிர்க்கொல்லியைக் குறிப்பிட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே கலந்து நிரப்பினேன். இரண்டு நாளில் நீர் பளிங்குபோல் தெளிந்தது. ஆனால் ப்ராசஸரின் வெப்பம் குறையவில்லை. மேலும் 4 டிகிரி கூடியது. ஐந்தாவது வாரத்தில் தொட்டியின் மூலையில் பச்சையும் திரும்பி வந்துவிட்டது.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. நீரில் மிதக்கும் உயிரிகளைக் கொல்வது எளிது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி மிதப்பதில்லை, தாமே சுரக்கும் வழுவழுப்பான பசையால் உலோகத்தின் மீதும் குழாயின் உட்சுவரிலும் ஒட்டிக்கொண்டு உயிர்ப்படலமாக வாழ்கின்றன. அந்தப் பசையே அவற்றுக்குக் கவசம் என்பதால், மருந்து மேலடுக்கைத்தான் எட்டுகிறது. மடிந்த மேலடுக்கு துணுக்குகளாகப் பெயர்ந்து நீரோடு சுற்றி, வழியிலேயே மிகக் குறுகலான இடத்தில், அதாவது ப்ராசஸரின் மேல் அமரும் வாட்டர் பிளாக்கின் செப்புத் தகட்டு இடுக்குகளில், போய் அடைத்துக்கொள்கிறது. வெப்பம் கூடியது அதனால்தான். அடியடுக்கில் பிழைத்தவையோ மடிந்தவற்றையே உணவாகக் கொண்டு மீண்டும் பெருகுகின்றன.

இரண்டாம் முறை முழுவதையும் கழற்றுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அதற்கு முன் அது பாசிதானா என்று உறுதி செய்துகொள்ள விரும்பினேன். செம்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் பச்சை நிறம் வரும். மென்மையான பிவிசி குழாய்களிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள்) வெண்மையான பசைபோல் படிந்து உயிரியோ என்று மயக்கும். வடித்த நீரை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் பிரித்து, ஒன்றைச் சன்னலோரமும் மற்றொன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி அலமாரியிலும் ஒரு வாரம் வைத்தேன். சன்னலோரச் சாடியின் நீர் அடர் பச்சையாயிற்று. இருளில் இருந்த நீரில் பச்சை கூடவில்லை. ஆனால் அடியில் சாம்பல் நிறக் கோழை சேர்ந்திருந்தது. அந்த இரண்டாவது சாடிதான் எனக்கு அதிகம் கற்பித்தது. பாசிக்குத்தான் ஒளி வேண்டும். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வேண்டாம். அப்படியானால் வெளிச்சமே புகாத ரேடியேட்டருக்குள்ளும் வளர்ச்சி இருக்கிறது என்று பொருள்.

வாட்டர் பிளாக்கைப் பிரித்தபோது, திருகுகளைக் கழற்றிய ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே நீரைப் பாய்ச்சும் மெல்லிய தகட்டைத் தலைகீழாக வைத்து மூடிவிட்டால் ஓட்டம் கெட்டுவிடும். இடுக்குகளை உருவாக்கும் செப்புத் தகடுகளின், அதாவது துடுப்புகளின், நடுப்பகுதி பழுப்புநிறக் கூழால் ஏறக்குறைய மூடியிருந்தது. மென்மையான பல்துலக்கியை எடுத்து, துடுப்புகள் ஓடும் திசையிலேயே மட்டும் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் அவை வளைந்துவிடும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்துப் பார்த்தபோது, அது அமரும் பள்ளத்தில் நீரோட்டமே படாத இடத்தில் வழுவழுப்பு தடித்திருந்தது. முதல் முறை என் மருந்து எட்டாமல் போன இடங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

அக்ரிலிக் மூடியையும் தொட்டியையும் வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டுக் கழுவினேன். ஆல்கஹால் கொண்டு துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். குழாய்களைக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிட்டுப் புதியவை வாங்கினேன். பம்பின் சுழலியைச் சுற்றி நூல்போல் திரிந்திருந்த கோழையைச் சிறு இடுக்கியால் எடுத்தேன்.

அதிக நேரம் பிடித்தது ரேடியேட்டர்தான், ஏனெனில் அதைத் திறந்து பார்க்க வழியில்லை. சூடான வாலைவடிநீரைப் பாதியளவு நிரப்பி, வாய்களை அடைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். கறுப்புத் துணுக்குகளும் பச்சைத் தூளும் விழுந்தன. அதன் பிறகு ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்து, மறுபடி குலுக்கினேன். என்னுடையது உட்புறம் செம்பும் பித்தளையும் கொண்டது என்பதால் இதைச் செய்தேன். அலுமினிய ரேடியேட்டரிலோ நிக்கல் முலாம் பூசிய பிளாக்கிலோ செய்யமாட்டேன். பிளீச்சிங் கரைசலைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. அது உலோகத்தை அரிப்பதோடு, வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவையே வெளிவிடும் என்பதால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பதினோராவது அலசலில்தான் கிண்ணத்தில் துணுக்கு ஏதும் விழவில்லை. அமிலத்தன்மை காட்டும் தாளும் ஊற்றிய நீருக்கும் வெளிவந்த நீருக்கும் ஒரே நிறம் காட்டியது.

மீண்டும் பொருத்தும்போது கையுறை அணிந்துகொண்டேன். கணினியின் மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் செல்லாதபடி பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழ் காகிதத் துண்டுகளை விரித்து, 24 மணி நேரம் கசிவு பார்த்தேன்.

தடுப்பைப் பொறுத்தவரை, எதைக் கலப்பது என்பதைவிட எதனோடு எதைக் கலக்கக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெள்ளிக் கம்பிச் சுருளை நீரில் இட்டு வைப்பது பழைய வழக்கம். நிக்கல் முலாம் உள்ள பிளாக்குகளுடன் அதைச் சேர்க்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். என் கிராபிக்ஸ் கார்டின் பிளாக் நிக்கல் பூசியது என்பதால் அதைத் தவிர்த்தேன். செப்பு சல்பேட் சார்ந்த மருந்தை அலுமினியம் இருக்கும் சுற்றில் விடவே கூடாது. செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து அதை அரித்துவிடும். உறைவுத் தடுப்பானாகப் பயன்படும் கிளைகால் கலந்த திரவங்கள் போதிய செறிவில் இருக்கும்போது வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆனால் செறிவு குறைந்தால் அதே கிளைகால் பாக்டீரியாவுக்கு உணவாகிவிடுகிறது. ஆகவே குறைந்துபோன திரவத்தை வெறும் நீர் ஊற்றி ஈடுகட்டுவது ஆபத்தானது. நான் அரிப்புத் தடுப்பானும் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தே வரும் செறிவூட்டிய திரவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போத்தலில் அச்சிட்ட அளவில் கலந்தேன். வேறெதையும் அதில் சேர்க்கவில்லை.

ஒளியும் புகாமல் பார்த்துக்கொண்டேன். புதிய குழாய்கள் கறுப்பு ஈபிடிஎம் ரப்பரால் ஆனவை; பிளாஸ்டிசைசர் கசிவும் இவற்றில் தொல்லை தருவதில்லை. தெளிந்த தொட்டியின் அழகை விட மனமில்லாததால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்து, கணினியைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினேன்.

இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பன்னிரண்டாம் மாதம் திரவத்தை மாற்றியபோது வடித்ததில் ஒரு சாடியைச் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்தும் அது தெளிவாகவே இருந்தது. அதே காணொளி வேலையில் ப்ராசஸர் 65 டிகிரியில் நிற்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்த எண்ணையும் அறையின் வெப்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன்.