பத்தாவது ஓட்டம்

கப்பல் மாதிரிகளைச் செயற்கை அலையில் ஓட்டிப் பார்க்கும் அலைத்தொட்டியில் வேலை என்றால் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஒரு சோதனை ஓட்டம் முடிந்து தண்ணீர் அடங்க 20 நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் சிற்றலை அடுத்த அளவைக் கெடுத்துவிடும்.

அப்போது நாங்கள் ஆராய்ந்தது கன்டெய்னர் கப்பல்களின் ரோலிங், அதாவது இடமும் வலமுமாகச் சாய்ந்தாடுவது. 1998 அக்டோபரில் வட பசிபிக் புயலில் ஏபிஎல் சைனா என்ற கன்டெய்னர் கப்பல் நூற்றுக்கணக்கான பெட்டிகளை இழந்தது. அதைப் பக்கவாட்டில் அப்படிச் சாய்த்தது பக்கத்திலிருந்து அடித்த அலை அல்ல, ஏறக்குறைய எதிரே வந்த அலை.

அது எப்படி? ஊஞ்சலில் நின்று ஆடியவர்களுக்குத் தெரியும். லேசாக ஆட ஆரம்பித்த பிறகு யாரும் தள்ள வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு முறை முழங்காலை மடக்கி எழுந்தாலே வீச்சு கூடிவிடும். கப்பலிலும் அதேதான். அலையின் முகடு நடுக்கப்பலில் இருக்கும்போது, விரிந்த முகப்பும் தட்டையான பின்புறமும் தண்ணீரின் பிடியை இழக்கின்றன. கப்பலை நிமிர்த்தும் திறன் குறைகிறது. பள்ளம் வந்தால் கூடுகிறது. ஒரு ரோலிங்குக்கு இரண்டு அலை என்று கூடிவந்தால் போதும்.

எங்கள் மாதிரிக் கப்பல் நிஜ அளவில் 50-இல் ஒரு பங்கு. கையால் சாய்த்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் எண்ணுவேன்: ஒரு முழு ஆட்டத்துக்கு மூன்றரை விநாடி. நிஜக் கப்பலில் அது 25 விநாடி.

சீரான அலையில் எல்லாம் கணக்குப்படி வந்தது. அப்புறம் ஒழுங்கற்ற கடல். அலைகளின் சராசரி உயரமும் இடைவெளி நேரமும் மாறாது, அலைகள் வரும் வரிசை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. ஒன்பது ஓட்டங்களில் சாய்வு 4 பாகையைத் தாண்டவில்லை. “போதும்ணே, அறிக்கை எழுதிடலாம்” என்றேன். “தண்ணி அடங்கிடுச்சு தம்பி, இன்னொன்னு போட்டுடலாம்” என்றார் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

பத்தாவதில் ஏழெட்டு அலைகள் சரியான இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. 5, 11, 20, 32 பாகை. மேல்தளத்து மரப்பெட்டி ஒன்று பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. இருவருக்கும் பேச்சு வரவில்லை.

கப்பல் கவிழாமல் நிற்பதற்கான விதிகள் வெகுகாலம் பெரும்பாலும் அசையாத தண்ணீரில் போட்ட கணக்குதான். பின்லாந்து ஆய்வாளர் ரஹோலா 1939-இல் பழைய விபத்துகளை அலசிச் சொன்ன அளவுகளின் வழியில் வந்தவை அவை. எத்தனையோ உயிரைக் காத்த விதிகள், ஆனால் இந்தப் பத்தாவது ஓட்டம் அவற்றில் இல்லை. இப்படி அலையில் நேரும் ஐந்து வகை ஆபத்துகளுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ இடைக்கால வழிகாட்டுதல் வெளியிட்டது 2020-இல்தான்.

அடுத்த இரண்டு வாரமும் அதே கடலை ஓட்டினோம். 40 ஓட்டங்களில் மூன்று அப்படிச் சாய்ந்தன. அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த மூன்றையும் வைத்தேன்.