அது மாத்திரை இல்ல சிஸ்டர், செட்டு

எங்கள் வார்டுக்கு வந்திருக்கும் நர்சிங் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் மருந்தியல் பரீட்சை. ராத்திரி டூட்டியில் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பிக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு முறிவு புரோட்டமைன் சல்ஃபேட். அதே வேலையை மாத்திரையாகச் செய்யும் வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எல்லாம் சரி. நானும் இப்படித்தான் ஒப்பித்துப் பாஸ் ஆனேன். அந்த மூன்று வரிகளும் ஒரே ஆள் உடம்பில் சேர்ந்து வந்தபோது ஒரு வரிகூட எனக்குக் கைகொடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் அவர்களுக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தென்காசி ரோட்டில் ஒரு கிராமம், பீடி சுற்றுகிறவர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் மைட்ரல் வால்வை மாற்றியிருந்தார்கள். அங்கேயே உருவாக்கிய சித்ரா வால்வு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். ராத்திரி வார்டு அடங்கியபின் கட்டில் பக்கத்தில் நின்றால் அக்காவின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும். செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய்விடக் கூடாதே என்று ஆயுசு முழுக்க ஆசிட்ரோம் போட வேண்டும். வார்ஃபரின் குடும்பத்து மருந்துதான். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் கணக்கு ஐ.என்.ஆர்.; நமக்கெல்லாம் அது 1 பக்கம் இருக்கும். இவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். வந்த அன்று 7.8.

பல் விளக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. பி.பி. பட்டை கட்டி அவிழ்த்த இடம் நாவல்பழக் கலரில் கன்றிப்போனது. ஆசிட்ரோமை நிறுத்தினோம். வைட்டமின் கே ஊசி மருந்தில் வெறும் 2 மில்லிகிராமை உறிஞ்சி, அதை வாய்வழியாகக் கொடுத்தோம். ஊசியை ஏன் குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. வால்வு இருக்கிறவருக்கு வைட்டமின் கே-யை அள்ளிக் கொடுத்தால் ரத்தம் கெட்டிப்பட்டுப் போகும். அப்புறம் ஆசிட்ரோம் பல நாள் வேலையே செய்யாது. அதனால் கொஞ்சமாக, மெதுவாக.

அட்மிஷன் அன்று நான்தான் கேட்டேன். வேற ஏதும் மாத்திரை போடுதீங்களாக்கா? "இல்ல சிஸ்டர், ஆசிட்ரோம் மட்டுந்தான்." கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதினேன். கீரை அதிகம் தின்றாரா, ஆன்டிபயாடிக் ஏதும் எடுத்தாரா என்பதெல்லாம் டாக்டர் கேட்டார். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் மாதிரி மருந்துகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், கீரையில் வைட்டமின் கே இருப்பதால் அது இறக்கிவிடும். எதற்கும் இல்லை என்றே பதில்.

மூன்றாம் நாள் விடியற்காலை அக்கா வாந்தி எடுத்தார். பி.பி. 80/50. சுகர் 62. ஆள் துவண்டு கிடக்கிறார். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்றுதான் எல்லோருக்கும் பயம். ஹீமோகுளோபின் பார்த்தால் வந்த அன்றைக்கு இருந்த அளவே இருக்கிறது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஐ.என்.ஆர். 2-க்கு இறங்கியிருந்தது.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்த்த முகம்தான். குச்சி மாதிரி கையும் காலும், முகம் மட்டும் நிலா மாதிரி உருண்டை. பிடரியில் ஒரு சதைத் திரட்சி. தோல் வெங்காயச் சருகு மாதிரி.

"முட்டுவலி வந்தா என்னக்கா செய்வீங்க?"

"கடையில செட்டு வாங்கிப் போடுவேன்."

"அன்னைக்கு நான் கேட்டப்போ சொல்லலையே?"

"நீங்க மாத்திரையத்தான கேட்டீங்க. அது மாத்திரை இல்ல சிஸ்டர், செட்டு."

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் அட்டையிலிருந்து பிய்த்து, பேர் இல்லாமல், ஒரு சின்னக் கவரில் மூன்று நான்கு மாத்திரைகளைப் போட்டுக் கொடுப்பார்கள்; காய்ச்சலுக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு. நாளெல்லாம் பீடித் தட்டை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்? எட்டு மாதமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அக்காவின் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பி, பிய்க்காத அட்டையாகவே வாங்கி வரச் சொன்னோம். ஒன்று டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. ஒன்று வயிற்றுப்புண் மாத்திரை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக இருந்த மூன்றாவது, டெக்ஸாமெத்தசோன் 0.5. ஸ்டீராய்டு. அந்த நிலா முகமும் பிடரிச் சதையும் இதனால்தான்.

அரை மில்லிகிராம்தானே என்று தோன்றும். டெக்ஸா 0.75 என்பது பிரெட்னிசோலோன் என்கிற இன்னொரு ஸ்டீராய்டில் 5-க்குச் சமம். ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் வீதம் எட்டு மாதம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலைத் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து சோறு வந்துகொண்டே இருக்கிற வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? அது சுருங்கிப் படுத்துவிடும். வார்டில் நாங்கள் செட்டு கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்றே தெரியாது. உடம்பு முடியாமல் இருக்கிற நேரத்தில்தான் கார்ட்டிசால் கூடுதலாகத் தேவைப்படும், அப்போது பார்த்து வரத்து நின்றுபோனது. வந்த அன்றைய ரத்தக் கசிவுக்கும் பெரும்பாலும் இந்தச் செட்டுதான் காரணம். ஸ்டீராய்டு, ஆசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும்; டைக்ளோஃபெனாக் தன் பங்குக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைச் செயலிழக்கச் செய்யும்.

கார்ட்டிசாலையே மருந்தாக்கிய ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். சாயங்காலம் அக்கா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். பி.பி. 110/70. அந்த மாதிரி ஒரு மருந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

மறுநாள் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஹெப்பாரின். ஐ.என்.ஆர். 2-க்கு வந்துவிட்டதால் ஆசிட்ரோமையும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஆனால் அது முழுசாகப் பிடிக்க நாலைந்து நாள் ஆகும், அதுவரை வால்வைச் சும்மா விட முடியாது. ஹெப்பாரின் என்றாலே எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் புரட்டும். 5 மில்லி குப்பியில் மொத்தம் 5,000 யூனிட் உள்ளதும் வருகிறது, 25,000 யூனிட் உள்ளதும் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு ஊரில், நான் 25,000 குப்பியை 5,000 என்று நினைத்து உறிஞ்சிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து குப்பியை வாங்கி லேபிளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவ்வளவுதான். இன்றுவரை இரண்டாவது ஆள் பார்க்காமல் நான் ஹெப்பாரின் கலப்பதில்லை.

இதற்கிடையில் அக்காவின் வீட்டுக்காரர் போனில் எதையோ படித்துவிட்டு வந்து நின்றார். "எலி மருந்தையா சிஸ்டர் என் பொண்டாட்டிக்குக் குடுக்கீங்க?" ஆமாண்ணே, அதே குடும்பந்தான் என்றேன். 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போன கதையைச் சொன்னேன். கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் அவை. கார்ல் லிங்க் என்பவரின் குழு அந்தத் தீவனத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலிக்கு, 1954-இல் மனுசனுக்கு. மாடு என்றதும் அண்ணன் சமாதானமாகிவிட்டார். வீட்டில் இரண்டு பசு வைத்திருக்கிறார்.

ஊசியிலிருந்து பிரெட்னிசோலோன் மாத்திரைக்கு மாற்றியபின், அதைக் கொடுத்தது காலை 8 மணிக்கு, இட்லி சாப்பிட்ட கையோடு. உடம்பு தானாகக் கார்ட்டிசால் சுரக்கிற நேரமும் காலைதான். ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும். சுகர் விஷயத்தில் ஒன்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னேன்: அக்காவுக்கு வெறும் வயிற்றில் 96, சாயங்காலம் நாலு மணிக்கு 238. காலையில் போடும் ஸ்டீராய்டு மத்தியானத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும். காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதாதீர்கள்.

ஆசிட்ரோம் சாயங்காலம் ஆறு மணிக்கு. காலையில் ரத்தம் எடுத்தால் மத்தியானத்துக்குள் ரிசல்ட் வரும், அன்றைக்கே அளவை மாற்றிக்கொள்ளலாம். முருங்கைக்கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள் தின்பீர்களோ அத்தனை நாளே தின்னுங்கள் என்றோம். ஸ்டீராய்டைக் குறைத்துக் குறைத்து நிறுத்த ஏழெட்டு மாதம் பிடித்தது.

இப்போது நான் யாரிடமும் "வேற மாத்திரை போடுறீங்களா" என்று கேட்பதில்லை. வலி வந்தால் என்ன செய்வீங்க, சளி பிடித்தால் என்ன செய்வீங்க, முகத்துக்கு என்ன கிரீம் போடுறீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கையோடு வந்த பையைக் கட்டிலில் கவிழ்க்கச் சொல்கிறேன்.

போன மாதம் அக்கா ரத்தம் பார்க்க வந்திருந்தார். ஐ.என்.ஆர். 2.9. முகம் பழைய அளவுக்கு வற்றியிருந்தது. எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை.

"செட்டு போட்டப்போ மூஞ்சி பூசினாப்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா சிஸ்டர். இப்போ தெருவுல எல்லாரும் என்ன சீக்குன்னு கேக்காக."