கொக்குவிலில இருந்து டி.ஜி வேலை: கெமிஸ்ட்ரி படிச்ச எங்கட பிள்ளையளுக்கு

கெமிஸ்ட்ரி படிச்சு டிகிரி முடிச்சிட்டு ஆசிரியர் நியமனம் வரும் வரும் எண்டு வீட்டில இருக்கிற பிள்ளையள் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கனபேர். முன்வீட்டு அன்ரியின்ர மகளும் அப்பிடித்தான், போன கிழமை கேற்றடியில நிண்டு "அக்கா, நீங்கள் வீட்டில இருந்து என்ன வேலை செய்யிறீங்கள், எனக்கும் அப்பிடி ஏதும் கிடைக்குமோ" எண்டு கேட்டா. "பிள்ளை, பெயின்ட், பற்றரி, பூச்சிமருந்து மாதிரிச் சாமான் பிளேனிலயோ கப்பலிலயோ ஏறலாமோ, ஏறினால் எப்பிடி ஏறவேணும் எண்டு கடதாசியைப் பாத்துச் சொல்லுறது" எண்டன். இப்பிடியும் ஒரு வேலை இருக்கோ எண்டு பாத்தா. அவவைப் போல எத்தினையோ பேருக்கு இது இருக்கிறதே தெரியாது, அதனாலதான் விரிவா எழுதுறன்.

கொண்டுபோகேக்க ஆபத்து வரக்கூடிய சரக்குக்குப் பேர் டேஞ்சரஸ் கூட்ஸ், சுருக்கமா டி.ஜி, அமெரிக்காக்காரர் ஹஸ்மட் எண்டுவினம். சென்ட், நெயில் பொலிஷ், ஸ்ப்ரே ரின், அமிலம், போனுக்குள்ள இருக்கிற லிதியம் பற்றரி, ஆஸ்பத்திரிக்குப் போற கதிரியக்க மருந்து எல்லாத்தையும் 9 வகுப்பாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் நாலு இலக்க யூ.என் நம்பர் குடுத்திருக்கினம். பெயின்ட் 1263, பெற்றோல் 1203, மண்ணெண்ணெய் 1223, ஸ்ப்ரே 1950, தனியாப் போற லிதியம் அயன் பற்றரி 3480, அதே பற்றரி போனுக்குள்ளயோ போனோட சேத்தோ போனால் 3481. இதுகளுக்கான விதி, ஆகாயத்தால போறதுக்கு அயாட்டா எண்ட உலக விமானக் கொம்பனிச் சங்கத்தின்ர புத்தகம், கடலால போறதுக்கு ஐ.எம்.டி.ஜி கோட், அமெரிக்காவுக்குள்ள 49 சி.எஃப்.ஆர், ஐரோப்பாவில றோட்டால போனால் ஏ.டி.ஆர். இந்த நம்பரையும் விதியையும் வச்சுக்கொண்டு சரக்கு எந்த வகுப்பு, எந்தப் பெட்டி, எந்த லேபல், எவ்வளவு ஏத்தலாம் எண்டு முடிவெடுக்கிற ஆள் ஒராள் வேணும், அந்த ஆள் சரக்குக்குப் பக்கத்திலதான் இருக்கவேணும் எண்டில்லை.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில, அதாவது 90களில, யாழ்ப்பாணத்தில வளந்த ஆக்களுக்கு பிளாஷ் பொயின்ட் எண்டால் என்ன எண்டு படிப்பிக்கவே தேவையில்லை. பெற்றோல் இல்லாமல் மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது, ஆனா மண்ணெண்ணெயை மட்டும் விட்டு உதைச்சால் ஸ்டார்ட் வராது, கொஞ்சப் பெற்றோலை கார்பரேட்டருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும். ஏனெண்டால் பெற்றோல் பூச்சியத்துக்குக் கனக்கக் கீழயே பத்தக்கூடிய ஆவியை விட்டிடும், மண்ணெண்ணெய்க்கு 38 பாகை அளவிலயோ அதுக்கு மேலயோ சூடு வேணும். ஆவி பத்தத் தொடங்கிற அந்த ஆகக் குறைஞ்ச சூடுதான் பிளாஷ் பொயின்ட். அது 60 பாகை வரைக்கும் இருக்கிற திரவம் பொதுவா 3ம் வகுப்பு. அதுக்குள்ள ஆபத்து எவ்வளவு எண்டு காட்டுறது பக்கிங் குறூப், 1 ஆகக் கூடின ஆபத்து, 3 ஆகக் குறைஞ்சது. பிளாஷ் பொயின்ட் 23க்குக் கீழ இருந்து கொதிநிலை 35ஐத் தாண்டினால் பக்கிங் குறூப் 2, 23இல இருந்து 60 வரைக்கும் எண்டால் பக்கிங் குறூப் 3. என்ர அப்பா கேரியரில போத்தல் கட்டிக்கொண்டு திரிஞ்ச காலத்தில அனுபவத்தால அறிஞ்சு வச்சிருந்ததைத்தான் நான் இப்ப டேபிளில பாத்து எழுதிறன்.

கடதாசி வேலைதானே எண்டு லேசா நினைக்காதேங்கோ. 1996 மே 11 புளோரிடாவில வலுஜெட் 592 விமானம் விழுந்து 110 பேர் செத்தவை. அதின்ர சரக்கறையில ஒக்சிஜன் ஜெனரேட்டர், அதாவது ஒக்சிஜன் உண்டாக்கிற கருவி, பெட்டி பெட்டியாப் போனது, கடதாசியில ஒண்டும் இல்லாத காலி ரின் எண்டு எழுதியிருந்தது, ஆனா அதுக்குள்ள பாவிக்காத ஜெனரேட்டர் இருந்தது. எங்கட கடலிலயே 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சதை மறந்திருக்க மாட்டியள், 1,486 கொன்டெய்னர், அதில 25 தொன் நைட்ரிக் அமிலம், கொழும்புக்கு வரமுதலே அமிலக் கொன்டெய்னர் கசியுது எண்டு கப்பலில தெரிஞ்சும் கத்தாரிலயும் இந்தியாவிலயும் அதை இறக்கேலாமல் போச்சு. கரை முழுக்க பிளாஸ்டிக் மணி ஒதுங்கி மீன்பிடிச் சனம் பட்ட பாட்டை நாங்கள் ரீவியில பாத்தனாங்கள். நான் ஒவ்வொரு நாளும் இந்த வேலையை மனதோட செய்யிறதுக்கு அந்தக் கப்பல் ஒரு பெரிய காரணம். எங்கயோ ஒரு தொழிற்சாலையில அடைக்கிறதையும் எழுதுறதையும் சரியாச் செய்யாட்டி அதின்ர பலன் சம்பந்தமே இல்லாத ஒரு ஊரின்ர கரையில வந்து ஒதுங்கும்.

சரி, ஒரு நாள் வேலை எப்பிடி இருக்கும் எண்டு ஒரு உதாரணம் சொல்லுறன். ஒரு மர வார்னிஷின்ர எஸ்.டி.எஸ் வந்தது. எஸ்.டி.எஸ் எண்டது உற்பத்தியாளர் தாற பாதுகாப்புத் தரவுத்தாள், 16 பிரிவு இருக்கும், 14வது பிரிவில போக்குவரத்துத் தகவல். கனபேர் 14ஐ மட்டும் பாத்து அப்பிடியே கொப்பி பண்ணுவினம். அதில யூ.என் 1263, வகுப்பு 3, பக்கிங் குறூப் 3 எண்டு போட்டிருக்கு. நான் 9வது பிரிவுக்குப் போனன், பிளாஷ் பொயின்ட் 21 பாகை, கொதிநிலை நூறுக்கு மேல. அப்ப குறூப் 2 எல்லோ வரவேணும்? ஆனா உடனே பிழை எண்டு சொல்லவும் ஏலாது, பெயின்ட், வார்னிஷ், பசை மாதிரித் தடிப்பான திரவத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. 4 மில்லிமீற்றர் ஓட்டை உள்ள கப்புக்குள்ள விட்டு எத்தினை செக்கனில வடியுது எண்டு பாப்பினம், இந்தப் பிளாஷ் பொயின்ட்டுக்கு 20 செக்கனுக்கு மேல எடுத்து, கரைப்பான் பிரியிற சோதனையிலயும் பாஸ் பண்ணினால், குறூப் 3ஆகவே அனுப்பலாம். அந்த ரிப்போர்ட்டை அனுப்புங்கோ எண்டு கேட்டு எழுதினன். "நாங்கள் எப்பவும் இப்பிடித்தான் அனுப்புறனாங்கள்" எண்டு பதில் வந்தது. இது நான் அடிக்கடி கேக்கிற பதில், மரியாதையா திரும்பவும் கேக்கவேணும். கேட்டன். லாப்புக்கு அனுப்பினவை, 14 செக்கன். அப்ப குறூப் 2தான்.

இதால என்ன மாறும் எண்டு கேப்பியள். பெட்டியே மாறும். சோதிச்சுப் பாஸ் பண்ணின பெட்டியில யூ.என் அடையாளத்தோட எக்ஸ், வை, இசெட் எண்டு ஒரு எழுத்து அடிச்சிருக்கும், எக்ஸ் எண்டால் மூண்டு குறூப்புக்கும் பாவிக்கலாம், வை எண்டால் 2க்கும் 3க்கும், இசெட் 3க்கு மட்டும். அவையள் வாங்கி அடுக்கி வச்சிருந்தது இசெட் பெட்டி, குறூப் 2 சரக்கை அதில ஏத்தேலாது. கொக்குவிலில ஒரு மேசையில இருந்து 9வது பிரிவை வாசிச்சதால வேற நாட்டில ஒரு ஸ்டோரில பெட்டி மாத்தினவை. எனக்கு இந்த வேலையில பிடிச்சதே இதுதான்.

நான் எப்பிடி இதுக்குள்ள வந்தன் எண்டால், யூனிவர்சிட்டி முடிய கொழும்பில ஒரு ஃபிரைட் ஃபோர்வர்டிங், அதாவது மற்றவையின்ர சரக்கை அனுப்பிக்குடுக்கிற கொம்பனியில எக்ஸ்போர்ட் டொக்குமென்ட் செய்யப் போனன், அங்க டி.ஜி புக்கிங் வந்தால் ஒருத்தரும் தொட விரும்பமாட்டினம், நான் எடுத்துச் செய்தன், கொம்பனியே அயாட்டா ட்ரெயினிங்குக்கு அனுப்பினது. பேந்து அம்மாவுக்காக ஊருக்கு வரவேண்டி வந்தது, அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இந்த ரிமோட் வேலை எடுத்தன். அதனால ஒண்டை ஒளிக்காமல் சொல்லவேணும், ஒரு அனுபவமும் இல்லாமல் நேரடியா ரிமோட்டில ஏறுறது கஷ்டம். கொழும்பிலயோ கட்டுநாயக்காவிலயோ ஒரு ஃபோர்வர்டரிட்டயோ கெமிக்கல் இறக்குமதி செய்யிற கொம்பனியிலயோ கொஞ்சக்காலம் நிண்டு பெட்டியையும் லேபலையும் கையால தொட்டுப் பாத்திட்டு வந்தால், பிறகு படத்தைப் பாத்தே பிழை பிடிக்கலாம்.

எந்த வேலை வீட்டுக்கு வரும் எண்டும் தெரிஞ்சிருக்கோணும். எஸ்.டி.எஸ் வாசிச்சு வகுப்புப் பிரிக்கிறது, எஸ்.டி.எஸ் எழுதுறது, ஒன்லைன் கடையளுக்கு வாற புதுச் சாமான் டி.ஜியோ எண்டு பாக்கிறது, ஷிப்பிங் லைனுக்கு வாற புக்கிங்கைச் சரிபாக்கிறது, இதெல்லாம் வரும். சரக்கை அடைக்கிறது, எயார்போட்டில பெட்டியைச் சுத்திப் பாத்து ஏற்கிறது வராது. ரிமோட் எண்ட சொல்லை மட்டும் போட்டுத் தேடாமல் எஸ்.டி.எஸ் ஓதர், டி.ஜி ஸ்பெஷலிஸ்ட், ப்ரொடக்ட் கம்பிளையன்ஸ், ரெகியுலேட்டரி அனலிஸ்ட் எண்ட பேரில தேடுங்கோ.

படிப்புக்கு முதலே காசைக் கொட்டாதேங்கோ. அமெரிக்க 49 சி.எஃப்.ஆர் முழுக்க நெட்டில சும்மா வாசிக்கலாம், 172ம் பாகத்தில இருக்கிற பெரிய டேபிளில இருந்து தொடங்குங்கோ. ஐ.நா.வின்ர செம்மஞ்சள் அட்டை டி.ஜி விதிப் புத்தகமும் ஏ.டி.ஆரும் இலவசம். தீயணைப்புக்காரர் பாவிக்கிற ஈ.ஆர்.ஜி கையேட்டின்ர 2024 பதிப்பு போனிலயே இறங்கும், மஞ்சள் பக்கத்தில யூ.என் நம்பர், நீலத்தில பேர், செம்மஞ்சளில என்ன செய்யோணும் எண்டு இருக்கும். லிதியம் பற்றரிக்கு அயாட்டா ஒரு வழிகாட்டியை இலவசமாத் தருது, அதை வடிவா வாசியுங்கோ, ஏனெண்டால் இப்ப கேள்வி கூட வாறது பற்றரியிலதான். 3480 பற்றரி 2016 ஏப்ரல் 1இல இருந்து பயணிகள் விமானத்தில சரக்காப் போகேலாது, சரக்கு விமானத்திலயும் சார்ஜ் 30 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. எந்தப் புத்தகமும் பழசாப் போகும், அயாட்டா ஒவ்வொரு ஜனவரி 1உம் புதுசு, ஐ.எம்.டி.ஜி ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதின்ர 42-24 திருத்தம் 2026 ஜனவரி 1இல இருந்து கட்டாயம். ஆரோ வட்ஸப்பில அனுப்பின பழைய பி.டி.எஃப்பை நம்பி வேலை செய்யாதேங்கோ.

சேர்ட்டிபிகேட் விசயத்தில ஏமாறாதேங்கோ. அயாட்டா ட்ரெயினிங் 24 மாசத்துக்கு ஒருக்கா, அமெரிக்க ஹஸ்மட் ட்ரெயினிங் 3 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கவேணும், அதோட அமெரிக்கச் சட்டப்படி இந்த ஆள் பயிற்சி பெற்று சோதிக்கப்பட்டவர் எண்டு உறுதிப்படுத்தவேண்டியது வேலை குடுக்கிறவர். "இந்தக் கோர்ஸை வாங்கினால் வேலை நிச்சயம்" எண்டு விக்கிற ஆக்களிட்ட இதைக் கேளுங்கோ. வேலைக்கு முதல் காசு கேட்டால், பார்சலை உங்கட வீட்டு விலாசத்துக்கு எடுத்து மாத்தி அனுப்பச் சொன்னால், பாக்காத சரக்குக்கு உங்கட பேரில கையெழுத்து வைக்கச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதேங்கோ. கையெழுத்து வைக்கிற ஆள்தான் சட்டத்துக்குப் பதில் சொல்லவேணும்.

நேரம் எண்டால், டுபாயோட ஒண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம், லண்டன் நாலரையோ அஞ்சரையோ, நியூயோர்க் ஒன்பதரையோ பத்தரையோ. குடும்பக்காரர் வளைகுடாவையும் ஐரோப்பாவையும் முதல் பாருங்கோ. ரௌட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ் கட்டாயம்.

இன்டர்வியூவில அநேகமா ஒரு எஸ்.டி.எஸ் தருவினம், எங்கட கொம்பனிக்கு ஆள் எடுக்கேக்க நானும் இருந்தனான். அதில 14வது பிரிவில கட்டுப்பாடு இல்லை எண்டு எழுதியிருந்தது, 9இல பிளாஷ் பொயின்ட்டுக்குத் தரவு இல்லை எண்டு இருந்தது, என்ன கலந்திருக்கு எண்டு சொல்லுற 3இல மட்டும் எதனோல் 70 வீதம் எண்டு கிடந்தது. சிலபேர் கட்டுப்பாடு இல்லை எண்டே எழுதிச்சினம், சிலபேர் எதனோலின்ர நம்பரான யூ.என் 1170 எண்டு அடிச்சு விட்டிச்சினம். ஒரு பிள்ளை மட்டும் "ஹோல்ட்", அதாவது இப்ப அனுப்பாமல் நிப்பாட்டி வையுங்கோ எண்டு போட்டு, 14ம் 3ம் ஒண்டோட ஒண்டு ஒத்துப்போகேல்லை, பிளாஷ் பொயின்ட் சோதனை அறிக்கையும் மிச்ச 30 வீதம் என்ன எண்டும் அனுப்புங்கோ எண்டு உற்பத்தியாளருக்கு ஒரு ஈமெயிலும் எழுதி வச்சிருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் எடுத்தம்.