மூக்குடைந்த கிண்டி

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் படிப்புரையில் ஒரு பித்தளைக் கிண்டி இருக்கும், வெளியே போய்விட்டு வருகிறவர்கள் கால் கழுவ. மூக்கு உடம்போடு சேருகிற இடத்தில் அது ஒழுகிக்கொண்டே இருக்கும், அம்மா எத்தனை தடவை ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் அடுத்த மழைக்குள் திரும்ப ஒழுக ஆரம்பித்துவிடும். போன மாதம் ஷார்ஜாவில் ஒரு பழைய சாமான் கடையில், அலமாரியின் கீழ்த்தட்டில், அதே கிண்டியைப் பீங்கானில் பார்த்தேன். வெள்ளையில் நீலப் பூக்கள், ஒரு கொக்கு. மூக்கு மட்டும் கத்தரிக்காய் மாதிரி உருண்டிருந்தது. கழுத்து இல்லை.

கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைக் குழல். அதன் அடிப்பகுதி குடை மாதிரி விரிந்து பானையின் தோளில் உட்கார்ந்திருந்தது, ஓரத்தை யாரோ இதழ் இதழாக வெட்டியிருந்தார்கள், இதழ்களுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு. மூக்கு நுனிக்கும் சின்னதாக ஒரு பித்தளைத் தொப்பி. கடைக்காரர் ஈரானில் ஷிராஸ் பக்கத்துப் பெரியவர். "கிர்மான் சாமான், முந்நூற்றைம்பது வருஷம்" என்றார். நான் கையால் தண்ணீர் ஊற்றுவது போலக் காட்ட, சிரித்துக்கொண்டே, "தண்ணிக்கு இல்ல பாய், ஹூக்காவுக்கு" என்றார்.

விஷயம் இதுதான். நாம் கிண்டி, கெண்டி என்கிற இந்த வடிவத்துக்கு மலாய்க்காரர்களும் கெண்டி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். சீனக் குயவர்கள் அதை ஏற்றுமதிக்காகவே நீலவெள்ளைப் பீங்கானில் செய்து தள்ளினார்கள். 17ஆம் நூற்றாண்டில் புகையிலைப் பழக்கம் ஈரானில் வேரூன்றிய காலத்தில், வயிற்றில் தண்ணீர், கழுத்தின் மேல் புகையிலைச் சட்டி, மூக்கில் உறிஞ்சுகிற குழல் என்று இது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அப்புறம் ஈரானின் கிர்மான் ஊர்க் குயவர்களே அதைப் பார்த்துச் செய்தார்கள். பெரியவர் பானையைக் கவிழ்த்துக் காட்டினார், அடியில் சீன முத்திரை மாதிரி ஒரு கிறுக்கல். எந்த மொழியிலும் படிக்க முடியாது, சும்மா குஞ்சம் தொங்குகிற மாதிரி நாலு கோடு.

1644இல் மிங் ஆட்சி விழுந்து சீனப் பீங்கான் வரத்து படுத்துவிட்டபோது, டச்சுக் கம்பெனிக்காரர்கள் இங்கிருந்து கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிற பந்தர் அப்பாஸ் வழியாக இந்த ஈரான் சரக்கை வாங்கினார்கள். டச்சுக்காரர்கள் இதைச் சீனப் பீங்கானோடு கலந்து ஹாலந்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறார்கள் என்று ழான் ஷார்தான் என்கிற பிரெஞ்சுப் பயணி எழுதியிருக்கிறார். கலப்படம் அன்றைக்கே ஆரம்பம்.

சரி, கழுத்துக்கு வருவோம். பித்தளைக் குழல் லேசாக ஆடியது. பெரியவர் அதைத் திருகி மேலே தூக்கினார், வெள்ளைச் சாந்து பொடியாக மேஜையில் கொட்டியது. உள்ளே பார்த்தால், உடைந்த கழுத்தின் அடிக்கட்டையை அரம் போட்டுச் சமமாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். தேய்த்த இடத்தில் பானையின் உடம்பு தெரிந்தது, சீனப் பீங்கானுடைய கண்ணாடி வழவழப்பு கிடையாது, ரவையை அழுத்தி வைத்த மாதிரி நறநறவென்று இருந்தது. சீனப் பீங்கானுக்கான மண் கையில் இல்லாத ஈரான் குயவர்கள் பிடித்துக்கொண்ட வழி அது. காஷான் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301இல் செய்முறையை எழுதியே வைத்தார். அரைத்த வெள்ளைக்கல் பத்துப் பங்கு, கண்ணாடித்தூள் ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு, அவ்வளவுதான். பன்னிரண்டில் ஒரு பங்கு களிமண்ணை வைத்துக்கொண்டு பானை செய்தால் அது எவ்வளவு தாங்கும்? கழுத்தையும் மூக்கையும் தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள், முதலில் போவதும் அவைதான். (பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்துப் பிங்கானில் இருந்து நமக்கு வந்தது, அங்கே அது வெறும் கிண்ணம்.)

உடைந்த துண்டு கையில் இருந்தால் வேறு வைத்தியம் உண்டு. ஈரானில் முன்பெல்லாம் சீனி பந்த்ஸன் என்று ஒரு தொழில்காரர் தெருத் தெருவாக வருவார். சீனி என்றால் பீங்கான், பந்த் நம்முடைய பந்தத்துக்கு உறவு, ஆக மொத்தம் பீங்கானுக்குக் கட்டுப் போடுகிறவர். பீங்கானுக்கு ஒரு புத்தூர்க் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லில் கயிறு சுற்றி இழுக்கிற துளைக்கருவி, நுனியில் வைரத் துணுக்கு. விரிசலின் இரண்டு பக்கமும், மறுபக்கம் வந்துவிடாத அளவுக்குப் பாதி ஆழம் மட்டும் துளை போடுவார். ஸ்டேப்ளர் பின் மாதிரி வளைத்த கம்பியின் கால்கள் துளைகளின் இடைவெளியை விட ஒரு மயிரிழை நெருக்கமாக இருக்கும், அதை விரித்து உள்ளே விட்டால் அது தானாக உள்ளே இழுத்து இரண்டு துண்டையும் இறுக்கிக்கொள்ளும். மேலே முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச்சு, செட்டிநாட்டுச் சுவருக்குப் போட்ட அதே கூட்டு. ரஷ்யாவில் இருந்து வந்த கார்ட்னர் தேநீர்க் கெட்டில்களில் இந்தக் கம்பித் தையலை வரிசையாகப் பார்க்கலாம்.

துண்டே தொலைந்துபோனால்தான் கன்னாரிடம் போவார்கள். எல்லா உலோகமும் ரிப்பேர் அல்ல, இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் நல்ல நிலையில் இருக்கிற சீனப் பீங்கானுக்குக்கூட வெள்ளி மூக்கும் மூடியும் போட்டு அழகு பார்த்தார்கள். ஆனால் என் முன்னால் இருந்தது சந்தேகமில்லாமல் ரிப்பேர்தான்.

பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். யாரோ ஒரு வியாபாரி வந்து, பித்தளையைக் கழற்றிவிட்டு ரெசினில் கழுத்து செய்து பெயிண்ட் அடித்தால் விலை கூடும் என்று ஆசை காட்டியிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் ஈரானின் ரய், காஷான் ஊர்களின் பழைய கிண்ணங்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிராக்கி ஏறியபோது இதைத்தானே செய்தார்கள், சில்லுகளைக் கூட்டி, இல்லாத இடத்தைச் சாந்தால் அடைத்து, மேலே புதிதாகக் குதிரை வீரனை வரைந்து, முழுக் கிண்ணம் என்று விற்றார்கள். அதில் எது பழசு எது புதுசு என்று பார்க்க இன்றைக்கு எக்ஸ்ரே வேண்டும். இந்தப் பித்தளை பாவம், "நான் பித்தளை" என்றுதான் சொல்கிறது.

வாங்கவில்லை, விலை என் ஒரு மாத வாடகை. போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன்.

"நல்லா இருக்கு. மூக்கு ஒழுகுமா மக்ளே?"

இது புகை பிடிக்கிற சாமான் அம்மா, தண்ணீர் மூக்கு வரைக்கும் வராது, ஆனால் மேலே சந்து இருந்தால் காற்று நுழைந்து இழுக்க முடியாது, அதற்குத்தான் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள், இப்போது அதுவும் உதிர்ந்துவிட்டது என்று விளக்கினேன்.

"அப்போ அந்த ஆள்ட்ட ஈயம் வைக்கச் சொல்லு."