டோவர் கப்பலுக்கு முந்தைய 120 கிலோமீட்டர்

இங்கிலாந்தின் டோவருக்குக் கப்பலேற, பிரான்ஸின் ரூவானிலிருந்து கேம்பர் வேனில் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) வடக்கே போகிறவர்களுக்கு அபெவில் வரை ஏ28 நெடுஞ்சாலை நல்ல சாலை, சுங்கம் இல்லை. பிறகு ஏ16. அதில் புலோன் வரை கட்டணம் உண்டு, அதற்குமேல் துறைமுக ஊர்களான கலே, டன்கர்க் வரை இலவசம். சுங்கச் சாவடியில் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்: 3.5 டன்னுக்குள் இருந்து, உயரம் 2 மீட்டரைத் தாண்டி 3 மீட்டருக்குள் இருந்தால் 2ஆம் வகுப்புக் கட்டணம்.

கடைசி இரவை அபெவில் பக்கமே கழித்துவிடுங்கள். சோம் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள சான்-வலரி, லெ க்ரொத்துவா ஊர்கள் இரண்டிலும் கேம்பர்களுக்கான நிறுத்துமிடங்கள் உண்டு. கழிவறைப் பெட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் அங்கேயே காலி செய்யுங்கள். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ வீண் சுமை. கலேயை நெருங்கிய பிறகு நெடுஞ்சாலை ஓய்விடங்களில் தூங்கவே வேண்டாம். திருட்டு ஒரு பயம். சைக்கிள் உறைக்குள்ளோ பின்பெட்டிக்குள்ளோ ஆள் ஏறிக்கொண்டால் பிரிட்டிஷ் எல்லையில் அபராதம் வண்டிக்காரருக்கு. புறப்படுமுன் எல்லாக் கதவையும் திறந்து பார்த்துப் பூட்டுங்கள்.

டன்கர்க் டிக்கெட் எடுத்தவர்கள் பலர் தவறுவது ஒரே இடத்தில். டோவர் கப்பல் ஊருக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லூன்-பிளாஜிலிருந்து கிளம்புகிறது. ஜிபிஎஸ்ஸில் அந்தப் பெயரையே போடுங்கள்.

முன்பதிவில் நீளத்தைச் சொல்லும்போது சைக்கிள் ஸ்டாண்டையும், உயரத்தில் கூரைப்பெட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும். குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் கட்டண வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

பிரெஞ்சு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் சோதனை இரண்டும் பிரான்ஸ் கரையிலேயே நடக்கும். ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். டிக்கெட்டில் இருப்பது உள்ளூர் நேரம். இங்கிலாந்து ஒரு மணி நேரம் பின்னால். நாய் இருந்தால், டோவரில் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, ஆவணத்தில் பதிந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் மிஞ்சிய பாலாடைக்கட்டியையும் பன்றி இறைச்சியையும் இந்தக் கரையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் அவற்றைக் கொண்டுபோகத் தடை வந்தது.

வரிசையில் நிற்கும்போதே எரிவாயுவை மூடிவிடுங்கள். அடுப்புக் குமிழை மட்டும் திருப்பினால் போதாது, சிலிண்டர் வால்வை மூட வேண்டும். ஃபிரிட்ஜும் எரிவாயுவில் ஓடக்கூடாது. கப்பலின் வண்டித் தளத்தில் முதல் கியர், கைபிரேக். அலாரத்தின் அசைவு சென்சாரை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் அது அலறி, வண்டியின் பேட்டரியைத் தீர்த்துவிடும்.